குயவர் துறைப் பாலத்தின் பன்னிரண்டு அடிக்கற்கள்

முன்பொரு காலத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ராஜ்ஜியம் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். காலைக் கஞ்சியைக் குடித்துவிட்டு நடக்கத் தொடங்கினால் மதியச் சோற்றுக்குள் எல்லை வந்துவிடும். உள்ளே ஒரு நகரம், ஒரு வாய்க்கால், முடியாத அரசுப் பணிகள் நாற்பத்தொன்று. அதை ஆண்டவர் விசயகீர்த்தி மன்னர்.

மன்னருக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். உச்சந்தலையில் எண்ணெய் ஊறும் நேரத்தில் சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடிக்காது. அதனால் அந்த நேரத்தில் ராஜ்ஜியத்தின் பணி விவரம் கேட்பதென்று வைத்துக்கொண்டார். மராமத்து அதிகாரி நீலகண்டர் ஓலையை விரித்து வாசிப்பார்.

“கீழவீதிச் சாக்கடை தூர் வாருதல், பணி நடந்து வருகிறது. தெற்கு மதில் பழுது பார்த்தல், பணி நடந்து வருகிறது. சந்தைக் கிணறு ஆழப்படுத்துதல், பணி நடந்து வருகிறது.”

நாற்பத்தொன்றுக்கும் இதே கதைதான். நீலகண்டருக்கு நல்ல குரல். பத்தாவது பணியில் மன்னரின் கண் சொக்கும், இருபதாவதில் தலை சாயும், நாற்பத்தொன்றாவதில் குறட்டை கேட்கும். ராஜ்ஜியம் நல்லபடியாக நடக்கிறது என்ற நிம்மதியோடு எழுந்து குளிக்கப் போவார்.

அரண்மனை விகடகவி அம்பலத்தாடியும் அந்த முற்றத்தில்தான் நிற்க வேண்டும். மன்னரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. தூங்குகிற மனிதரை எப்படிச் சிரிக்க வைப்பது? பல சனிக்கிழமைகள் பொறுத்துப் பார்த்தான். ஒருநாள் பொறுமை போய்விட்டது.

“குயவர் துறைப் பாலம், பணி நடந்து வருகிறது,” என்றார் நீலகண்டர்.

“பன்னிரண்டு வருடமாக நடந்து வருகிறதே, மகாராஜா! இந்நேரம் காசிக்குப் போய்க் கங்கையில் முழுகிவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். வழியில் யாரையாவது விசாரித்துப் பார்க்கலாமா?”

மன்னர் விழித்துக்கொண்டு சிரித்தார். எண்ணெய் கண்ணுக்குள் இறங்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டே மறுபடியும் சிரித்தார்.

நீலகண்டருக்குக் காது மடல் சிவந்தது. ஏற்கெனவே அம்பலத்தாடியைக் கண்டால் அவருக்கு ஆகாது. தான் மூச்சைப் பிடித்து ஒரு நாழிகை வாசித்தும் கிடைக்காத கவனம், இவன் வாயைத் திறந்ததும் கிடைத்துவிடுகிறது.

“மகாராஜா, பாலம் கட்டுவது இவ்வளவு எளிது என்றால் விகடகவியாரே கட்டிக் காட்டட்டும். அடியேன் வேண்டாம் என்றா சொல்கிறேன்?”

மன்னருக்கு இது பிடித்துப்போயிற்று. அவருக்குப் புதிதாக எது சொன்னாலும் பிடிக்கும்.

“அம்பலத்தாடி, அடுத்த சனிக்கிழமை என் பல்லக்கு அந்தப் பாலத்தைக் கடக்க வேண்டும்.”

“ஒரே ஒரு விண்ணப்பம்,” என்று நீலகண்டர் குனிந்தார். “மலையில் புதிதாக ஒரு கல்லும் வெட்டக் கூடாது. ஒரு மரமும் சாய்க்கக் கூடாது. எங்கள் மராமத்துத் துறை இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததை மட்டுமே பயன்படுத்த வேண்டும். நாங்கள் சும்மா இருந்தோமா இல்லையா என்பது அப்போது தெரிந்துவிடும் அல்லவா?”

“நியாயம்தான். முடியாவிட்டால்?”

“முகத்தில் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதை மேல் ஏற்றி, எல்லைக்கு வெளியே விட்டுவிடலாம். அதைப் பார்த்தும் ஜனங்கள் சிரிப்பார்கள், மகாராஜா. விகடகவியின் கடைசி விகடம்.”

அதற்கும் மன்னர் சிரித்தார். அவர் யார் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. சிரிப்பு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

அன்று மதியமே அம்பலத்தாடி குயவர் துறைக்குப் போனான். அங்கே வாய்க்கால் ஏழு முழ அகலம்தான். ஆனால் மார்பளவு ஆழம், இழுப்பும் அதிகம். அக்கரையில் குயவர் குடியிருப்பு, இக்கரையில் நகரத்துச் சந்தை. வெள்ளச்சி என்ற குயவர் வீட்டுப் பெண், தலையில் ஐந்து பானைகளை அடுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

“ஏம்மா, மராமத்துத் துறை பாலத்துக்குன்னு இங்கே என்னென்ன சாமான் கொண்டு வந்து போட்டிருக்காங்க?”

“சாமானா? வருசா வருசம் ராசாவைக் கொண்டாருவாங்க. கொட்டு மேளம் வரும். பாலை ஊத்தி ஒரு கல்லைப் போடுவாரு. மாலை போடுவாங்க. போயிருவாங்க. எனக்குக் கண்ணாலம் ஆன வருசம் மொதக் கல்லு போட்டாரு. நான் அதுக்கப்புறம் ஆறு புள்ள பெத்துட்டேன். அந்தக் கல்லு ஒரு படிக்கட்டுகூடப் பெறலை.”

“நீங்களே ஒரு பனைமரத்தைக் குறுக்கே போட்டிருக்கலாமே?”

“போட்டோமே! நீலகண்டய்யா ஆளுங்க வந்து எடுத்துட்டாங்க. அரசாங்கப் பாலம் வரப்போற இடமாம், ஆக்கிரமிப்பாம். அதுக்கடுத்த ஐப்பசியில என் கொழுந்தன் செல்லன் வெள்ளத்துல போனான். அவன் வச்சிருந்த சட்டிங்க மறுநாளே மதகுல ஒதுங்கிச்சு. அவன் ஒதுங்க மூணு நாளாச்சு.” பானைகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சேலையைப் பிழிந்தாள். “நீ எதுக்குக் கேக்குற?”

அவன் தன் நிலைமையைச் சொன்னான்.

“அப்ப உனக்குக் கழுதைதான்,” என்றாள் அவள்.

அம்பலத்தாடி கரையில் கிடந்த அடிக்கற்களைப் பார்த்தான். பன்னிரண்டு கற்கள். எல்லாம் பலகை பலகையாக அறுத்த கருங்கல். முதல் வருடத்துக் கல் ஒரு முழ நீளம். அதில் ‘விசயகீர்த்தி மன்னர்’ என்று மட்டும் இருந்தது. மன்னருக்கு ஆண்டுக்கொரு பட்டம் சூட்டுவது அரண்மனை வழக்கம். பட்டம் நீண்டால் கல்லும் நீள வேண்டும். இரண்டாம் கல்லில் ‘குளம் தொட்ட கோமான்’ சேர்ந்தது. அந்த வருடம் அவர் ஒரு குளத்தில் கால் கழுவியிருந்தார். பிறகு ‘பகைவர் கனவில் இடி’, ‘முக்கடல் கேள்விப்பட்டான்’ என்று போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாம் கல்லுக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாமல் படுக்கப் போட்டுவிட்டார்கள். பன்னிரண்டாம் கல் பன்னிரண்டு முழம். அதை இழுத்து வர இருபது ஜோடி மாடு வேண்டியிருந்தது.

ஒரு கல்லில் ஆடு கட்டியிருந்தது. மற்றவற்றில் வரட்டி காய்ந்துகொண்டிருந்தது.

அம்பலத்தாடி கையால் முழம் போட்டுக் கடைசி நான்கு கற்களை அளந்தான். ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பிறகு வாய்க்காலைப் பார்த்தான்.

“உங்க பக்கம் எத்தனை மாடு இருக்கு?” என்று வெள்ளச்சியிடம் கேட்டான்.

அவளும் கல்லைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள். பானைகளை அப்படியே விட்டுவிட்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கி, அக்கரைக்கு ஆள் கூப்பிடப் போனாள்.

ஐந்தாம் நாள் நீலகண்டரின் வேவுகாரன் ஓடி வந்தான். “ஐயா, குயவர்கள் அடிக்கல்லை எல்லாம் புரட்டுகிறார்கள். சூளை விறகை உருளையாக அடியில் கொடுத்து, மாடு கட்டி இழுத்து, வாய்க்கால் குறுக்கே போடுகிறார்கள்.”

ஒரு கணம் நீலகண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இருபது வருடம் மராமத்தில் இருந்தவர் அவர். கல் என்றால் என்ன, அடிக்கல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். கல்லை வைத்துக் கட்டலாம். அடிக்கல்லை வைத்து விழாதான் நடத்தலாம். இரண்டும் ஒரே பொருள் என்பது அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பிறகு அவர் முகம் மலர்ந்தது. “மன்னர் பெயர் பொறித்த கல்லை மாடு மிதிக்கப் போகிறதா? இது கழுதையோடு போகிற குற்றம் இல்லையே! யாரும் தடுக்காதீர்கள். நன்றாகக் கட்டி முடிக்கட்டும்.”

சனிக்கிழமை மன்னரின் பல்லக்கு வந்தது. எட்டுச் சின்னக் கற்கள் இரு கரையிலும் மண்ணோடு சேர்த்து இடித்து அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் நான்கு பெரிய கற்கள் பக்கம் பக்கமாகக் குறுக்கே கிடந்தன. நீளம் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் முனைகள் துருத்திக்கொண்டிருந்தன. அழகு ஒன்றும் இல்லை. ஆனால் பானை ஏற்றிய வண்டிகள் அதன்மேல் போய்க்கொண்டிருந்தன.

மன்னர் இறங்குவதற்குள் நீலகண்டர் அவர் காலில் விழுந்துவிட்டார்.

“மகாராஜா! அநியாயம்! தங்கள் திருநாமம் பொறித்த கற்களை இவன் கால்மிதி ஆக்கிவிட்டான். இது ராஜ துரோகம். கழுவில் ஏற்ற வேண்டும்!”

வண்டிகள் நின்றன. மன்னரின் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அம்பலத்தாடி, உண்மையா?”

“மகாராஜா, இங்கே மராமத்துத் துறை கொண்டுவந்து சேர்த்ததை மட்டும் பயன்படுத்து என்று உத்தரவு. இந்தப் பன்னிரண்டு கல்லைத் தவிர இங்கே ஒரு செங்கல்கூட இல்லை. இவை பாலத்துக்கு வந்த கற்கள் என்றால் நான் உத்தரவுப்படி நடந்தேன். இல்லையென்றால், பன்னிரண்டு வருடமாக இங்கே நடந்து வந்த பணி எது என்று அதிகாரியைத்தான் கேட்க வேண்டும்.”

மன்னர் நீலகண்டரைப் பார்த்தார். நீலகண்டர் எழுந்திருக்க இது நல்ல நேரமில்லை என்று தரையிலேயே இருந்தார்.

“அது இருக்கட்டும். என் பெயரை மாடு மிதிக்கிறதா?”

“இல்லை, மகாராஜா. எழுத்துள்ள பக்கம் கீழே இருக்கிறது. தண்ணீரைப் பார்த்து.”

“கேட்டீர்களா!” என்று தரையிலிருந்து குரல் வந்தது. “மகாராஜாவின் பட்டங்களை மீன் படிக்க வேண்டுமாம்!”

“படிக்கட்டுமே,” என்றான் அம்பலத்தாடி. “மீன் அதன்மேல் வரட்டி தட்டாது.”

“வரட்டியா?” என்றார் மன்னர். “என் பெயர்மேல் வரட்டி தட்டியது யார்?”

குயவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தன் தலைக்கு வந்ததை இன்னொருவர் தலைக்குத் தள்ளிவிட்டோம் என்று அம்பலத்தாடிக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறப்பதற்குள் வெள்ளச்சி முன்னால் வந்துவிட்டாள்.

“நான்தான் சாமி. எங்களுக்கு எழுத்துத் தெரியாது. வெயில் நல்லாப் படுற எடம்னு தட்டினேன்.”

“பன்னிரண்டு வருடமாகவா?”

“ஆமாங்க சாமி. மொதக் கல்லு ரொம்பக் குட்டை, நாலுதான் புடிச்சுது. அப்புறம் வருசா வருசம் பெருசு பெருசா போட்டுக் குடுத்தீங்க. போன வருசத்துக் கல்லுல அறுவது தட்டலாம். மகராசனா இருக்கணும்னு சொல்லித்தான் சாமி தட்டுவேன்.”

மன்னர் பன்னிரண்டு பட்டங்களையும் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. ‘பகைவர் கனவில் இடி’ மேல் எத்தனை வரட்டி, ‘முக்கடல் கேள்விப்பட்டான்’ மேல் எத்தனை என்று கணக்கு ஓடியிருக்கும். திடீரென்று அவர் தோள் குலுங்கியது. பல்லக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “அறுபதா?” என்று கேட்டு மறுபடியும் சிரித்தார். பல்லக்கில் ஏறாமல் நடந்தே பாலத்தைக் கடந்தார். நடுவில் நின்று ஒருமுறை குதித்தும் பார்த்தார்.

“அம்பலத்தாடி, என்ன வேண்டும், கேள்.”

“ஒன்றே ஒன்று, மகாராஜா. இனிமேல் பணி விவரத்தை அரண்மனை முற்றத்தில் படிக்க வேண்டாம். எந்தப் பணியோ அந்தப் பணி நடக்கிற இடத்துக்குள் நின்று அதிகாரி படிக்கட்டும். தாங்கள் கரையில் நின்று கேட்கலாம்.”

“அப்படியே ஆகட்டும்.”

அடுத்த சனிக்கிழமை ஓலையின் முதல் பணி, கீழவீதிச் சாக்கடை. ஊரே இரு பக்கமும் கூடியிருந்தது. நீலகண்டர் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். முழங்கால் என்று நினைத்தது இடுப்பு வரை வந்தது. ஓலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்.

“கீழவீதிச் சாக்கடை தூர் வாருதல்…” என்று தொடங்கி நின்றுவிட்டார். நல்ல குரல் எங்கோ போய்விட்டது.

“மேலே படியுங்கள்,” என்றார் மன்னர்.

ஏதோ ஒன்று நீலகண்டரின் இடுப்பை உரசிக்கொண்டு மிதந்து போனது. அது என்னவென்று அவர் பார்க்கவில்லை.

“பணி இன்னும் தொடங்கவில்லை, மகாராஜா.”

“எப்போது தொடங்கும்?”

“இப்போதே தொடங்கும், மகாராஜா. யாராவது ஒரு மண்வெட்டி மட்டும் கொடுங்கள்.”

இரு கரையிலிருந்தும் ஒரே நேரத்தில் பதினேழு மண்வெட்டிகள் நீண்டன. மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்தபடியே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடியின் கழுத்தில் போட்டார். பிறகு இருவரும், நாற்றம் வராமல் காற்று எதிர்ப்பக்கம் வீசும் இடமாகப் பார்த்துத் தள்ளி நின்றுகொண்டார்கள்.