எதிர் நாற்காலி

"அவ முன்ன மாதிரி ஓட மாட்டேங்கா, டாக்டர். என்ன மருந்து குடுக்கலாம்?"

சவரிராயன் மாஸ்டர் அன்றைய வகுப்பில் கேட்ட முதல் கேள்வி அது.

பாளையங்கோட்டையில் விளையாட்டு மருத்துவர் நிலோஃபர் சனிக்கிழமைதோறும் பயிற்சியாளர்களுக்கு வகுப்பு எடுத்துவந்தார். வருகிறவர்களில் சவரிராயன்தான் மூத்தவர். டாக்டருக்கு அண்ணன் வயது என்றுகூடச் சொல்ல முடியாது, சித்தப்பா வயது. இருந்தாலும் முன்வரிசையில் வந்து உட்காருவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவர் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.

"யாரு மாஸ்டர்?" என்றார் டாக்டர்.

"பேச்சியம்மாள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுதா. போன வருஷம் மாநிலப் போட்டியில தங்கம். இந்த வருஷம் என்னத்த ஓடினாலும் நேரம் கூடிக்கிட்டே போகுது. பயிற்சியைக் கூட்டினேன். இன்னும் மோசமாயிட்டு."

"அடி எதுவும் பட்டிருக்கா?"

"முழங்காலுக்குக் கீழ எலும்புல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். போன வருஷம் வலது காலு, அது ஆறிட்டு. இப்ப இடது காலு."

டாக்டர் கையிலிருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார்.

"நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

மறுநாள் கூட்டிக்கொண்டு போனார்.

பேச்சிக்குப் பத்தொன்பது வயது. நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்தாள். டாக்டர் அவள் காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார். வலிக்கிற இடம் வந்தபோது கால் விரல்கள் மடங்கின. வாயிலிருந்து சத்தம் வரவில்லை.

"மாசாமாசம் ஒழுங்கா வருதா?"

சவரிராயன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இல்ல டாக்டர். ஒன்றரை வருஷமா இல்ல."

சவரிராயனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. "ஓடுத பிள்ளைகளுக்கு அது அப்படித்தான் டாக்டர்," என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே. "பயிற்சி நல்லா ஏறுதுன்னு அர்த்தம். எங்க காலத்துல இருந்தே அப்படித்தான்."

"இல்ல மாஸ்டர். உள்ள போறது ஓடுறதுக்கே பத்தல. அதனால உடம்பு மத்த வேலையை நிறுத்தி வைக்குது. முதல்ல அதை நிறுத்துச்சு. இப்ப எலும்பு."

சவரிராயனுக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

"நானா பட்டினி போடுதேன்? முட்டை, பாலு, கடலை எல்லாம் நானே வாங்கிக் குடுக்கேன். எங்க வீட்டுல இவளுக்குன்னு தனியா ஆக்கி வைக்கா. இவதான் வேண்டாங்கா. கேளுங்க."

"அப்படியா பேச்சி?"

"பசிக்கல டாக்டர்."

சவரிராயன் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"மருந்து இருக்கா டாக்டர்? தேசிய அணித் தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. ஜெயிச்சா இவளுக்கு ரயில்வேயில வேலை."

"இந்தத் தேர்வுல ஓட முடியாது மாஸ்டர். ஓடினா கால் முறியும்."

பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.  சவரிராயன் எதுவோ கேட்க வாயெடுத்தார்.

டாக்டர் எழுந்துகொண்டார். "மதியம் ஆயிட்டு. வாங்க, சாப்பிட்டுட்டு மருந்தைப் பார்ப்போம்."

கிளினிக்கை ஒட்டிப் பின்னால் அவர் வீடு. சாப்பாட்டு மேசையில் பேச்சியை உட்கார வைத்தார். அவளுக்கு நேர் எதிரே சவரிராயன்.

சோறும் மீன் குழம்பும் அவள் தட்டில் விழுந்தன. இவர் முன்னால் தட்டே இல்லை.

"எனக்கு?"

"உங்களுக்கு இல்ல. நீங்க பாருங்க. பேசக் கூடாது."

"என்னத்த பார்க்க?"



சவரிராயன் பார்த்தார். சோறு எவ்வளவு, மீன் எத்தனை துண்டு, எதைத் தொடுகிறாள், எதை ஒதுக்குகிறாள் என்று உன்னிப்பாகப் பார்த்தார். இதில்கூடத் தப்பு கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றியது.

"தட்டைப் பார்க்காதீங்க மாஸ்டர்," என்றார் டாக்டர்.

அவர் கண்ணை உயர்த்தினார்.

பேச்சி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாய் எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு வாய். அதற்கு முன்னாலும் பார்த்தாள். மீன் துண்டுக்குக் கை போனது. போகிற வழியில் நின்று, மறுபடியும் அவர் முகத்துக்கு வந்தன கண்கள்.

சவரிராயனின் உதடு லேசாகப் பிதுங்கியது. அது பிதுங்கியதே அவருக்குத் தெரியாது. அவள் கை திரும்பிப் போனதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

தினமும் காலையில் மைதானத்தில் எடை மிஷினில் ஏறி நிற்கிற பேச்சி ஞாபகத்துக்கு வந்தாள். அவர் ஒருநாளும் திட்டியதில்லை. கையை ஓங்கியதில்லை. மிஷினைக் குனிந்து பார்ப்பார், அவ்வளவுதான். முள் கொஞ்சம் ஏறியிருந்தால் ஒரு "ம்ஹூம்". அதுவும் பாதி நாள் சத்தமாக வராது. உதட்டோடு நின்றுவிடும்.

அவர் சிரிக்கப் பார்த்தார். "சாப்பிடு, சாப்பிடு" என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

பேச்சி மிரண்டுபோனாள். தட்டை முன்னால் தள்ளினாள்.

"போதும் டாக்டர். வயிறு நிறைஞ்சுட்டு."

தட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

சவரிராயன் தன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்தார். அதுவும் அவளுக்கு ஏதோ ஒன்றாகப் படுமோ என்று பயம் வந்தது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"டாக்டர்," என்றார், பேசக் கூடாது என்பதையும் மறந்து. "இப்ப நான் என்ன செய்யட்டும்?"

டாக்டர் வாசலைக் கை காட்டினார்.

அவர் எழுந்தார். நாற்காலி சத்தம் போடாமல் இருக்க இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் தண்ணீர் லாரி ஒன்று போனது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. கதவை லேசாகத் திறந்து பார்த்தால் என்ன என்று கை பரபரத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வெகுநேரம் நின்றார்.

பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம், அவர் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேச்சி டாக்டரிடம் சொன்னாள்:

"அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு போடுங்க."