நெல்லித்துறைக்குப் போன கடப்பாரை

சீடர் என்றதும் மீசை அரும்பாத பையனை நினைக்க வேண்டாம். ஆதிமூலம் தலை நரைத்த பிறகு வைத்திய மடத்துக்கு வந்தவர். வைத்தியச் செய்யுட்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். எந்தச் செய்யுளில் எந்த இடத்தில் தளை தட்டுகிறது என்பதுகூடத் தெரியும். எந்த மருந்தைச் சொன்னாலும் “அளவு என்ன?” என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.

குரு செங்கமலத்தம்மை அவரைவிட வயதில் இளையவர். குரு இவரை ஐயா என்பார், இவர் குருவை அம்மா என்பார். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் நேரே ஆதிமூலத்தின் காலில் விழுவார்கள். இருவருமே அதைத் திருத்துவதில்லை.

அந்த ஆண்டு கொள்ளைக் காய்ச்சல் வந்தது. கழிமுகத்தில் இருந்த உப்பளக் குடியிருப்பிலும், ஆற்றின் மேலே நெல்லித்துறையிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பரவியது. மடத்தில் இருந்த குளிகை ஒரே வகைதான். ஒரு பாதியை ஆதிமூலமே உப்பளத்துக்கு எடுத்துப் போனார். மறுபாதி வண்டியில் நெல்லித்துறைக்குப் போனது.

உப்பளத்தில் ஆள் படுக்காத குடிசை இல்லை. ஆனால் செத்தவர்கள் மிகச் சிலர். நெல்லித்துறையில் படுத்தவர்கள் குறைவு. ஆனாலும் அங்கே சாயக்காரர் தெருவில் தினமும் பாடை கட்டினார்கள். ஓட்டு வீடும் காரைச் சுவருமாக வசதியான தெரு அது.

ஆதிமூலம் மடத்துக்குத் திரும்பி, இந்த வேற்றுமைக்குக் காரணம் எழுத உட்கார்ந்தார். உப்புக்காற்று உடம்பை உரமாக்கும் என்று வரிசையாகப் பாட்டுகள் எழுதினார். ஒரு பாட்டில் எதுகை கிடைக்காமல் திணறிக்கொண்டிருந்தபோது நெல்லித்துறையிலிருந்து ஆள் வந்தது. சாயக்காரர் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அவர் மகள் உலகம்மையும் மருமகனும் படுத்துவிட்டார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை.

எதுகையை அந்தரத்தில் விட்டுவிட்டுக் குருவிடம் ஓடினார்.

“இன்னும் வீரியமான மருந்து வேண்டும் அம்மா. இந்தக் குளிகை நெல்லித்துறையில் பலிக்கவில்லை.”

செங்கமலத்தம்மை வேர் நறுக்கிக்கொண்டிருந்தார். “உப்பளத்தில் பலித்ததா?”

“எனக்கே பலித்தது. அங்கே நானும் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தேன்.”

“குளிகையை எப்படிச் சாப்பிட்டீர்கள்?”

வெந்நீரில் இழைத்துக் குடித்து, மேலே உப்புப் போட்ட கஞ்சி, என்று அவர் விதிப்படி ஒப்பித்தார்.

“வெந்நீர் யார் வைத்தது?”

ஆதிமூலம் யோசிக்க வேண்டியிருந்தது. அதை ஒரு விஷயமாக அவர் நினைத்ததே இல்லை. வேலிச் சந்தில் வந்தது என்றார். உப்பளத்தில் இரண்டு குடிசைகளுக்கு நடுவே இருக்கும் ஓலை வேலியில் ஒரு சந்து விட்டிருப்பார்கள். காலையில் அடுப்பு மூட்ட நெருப்பு வாங்குவதற்கு. நெருப்புக் கேட்டு யாரும் வரவில்லையென்றால், பக்கத்துக் குடிசைக்காரர் அந்தச் சந்தில் குனிந்து பார்ப்பார். ஆள் படுத்திருந்தால் அதே சந்தில் வெந்நீரும் கஞ்சியும் போகும். கொடுக்கிறவரும் படுத்துவிட்டால் அதற்கு அடுத்த குடிசை பார்த்துக்கொள்ளும். ஆள் உள்ளே வருவதில்லை. சட்டி மட்டும் வரும்.

செங்கமலத்தம்மை நறுக்கிய வேரைக் கீழே வைத்தார்.

“உங்களுக்குக் கொடுத்தது யார் ஐயா?”

“முகம் பார்க்கவில்லை. கைதான் தெரிந்தது. முதலில் வளையல் போட்ட கை. அப்புறம் பச்சை குத்திய கை.”

“அதற்குப் பாட்டு எழுதினீர்களா?”

“இல்லை அம்மா. உப்புக்காற்றுக்குத்தான் எழுதினேன்.”

“புறப்படுவோம்,” என்றார் குரு.

சீடர் மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டார். குரு தோட்டத்துப் பக்கம் போய்க் கடப்பாரையோடு வந்தார். வழியில் பார்த்த ஒருவர், இப்போதெல்லாம் குழியையும் வைத்தியரே தோண்டிவிடுகிறாரா என்று கேட்டார். குருவுக்குச் சிரிப்பு வந்தது. சீடருக்கு வரவில்லை.

சாயக்காரர் தெருவில் எல்லா வீடும் சாத்தியிருந்தது. ஆதிமூலம் மகள் வீட்டுக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தார். மருமகன் கூடத்தில் முனகிக்கொண்டிருந்தான். உலகம்மை அடுக்களைத் தரையில் கிடந்தாள். மாடத்தில் மடத்துக் குளிகை, கட்டி அனுப்பிய பொட்டலம் பிரியாமல் இருந்தது. அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. பானையில் பொட்டுத் தண்ணீர் இல்லை.

“தண்ணி அப்பா,” என்றாள்.

கிணறு பக்கத்து வீட்டில் இருந்தது. முன்பு இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரே கிணறுதான். பிறகு தென்னை மட்டை எந்தப் பக்கம் விழுந்தது என்பதில் சண்டை வந்து, பக்கத்து வீட்டுத் தாண்டவராயர் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பிவிட்டார். ஆதிமூலம் தெருவுக்கு ஓடி அவர் கதவைத் தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், வைத்திய மடத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார், மகள் நிலைமையைச் சொல்லிக் கெஞ்சினார். உள்ளே இன்னொரு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

அடுக்களைக்குத் திரும்பியபோது குரு பின்கதவைத் திறந்துவைத்து, எதிரே இருந்த அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது யாருடைய சுவர்?”

“அவருடையதுதான். கூப்பிட்டால் வரமாட்டார் அம்மா.”

“வருவார்,” என்று சொல்லிக் கடப்பாரையைச் சுவரில் இறக்கினார்.

முதல் செங்கல் அந்தப் பக்கம் விழுந்ததும் தாண்டவராயர் வந்துவிட்டார். ஊரைக் கூட்டுவேன் என்றார். மடத்தைப் பூட்ட வைப்பேன் என்றார். ஓட்டை வழியே ஆதிமூலத்தின் நரை தெரிந்ததால் அவர்தான் குரு என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் அவரைப் பார்த்தே சொன்னார்.

“பெரியவரே, படித்தவர் மாதிரி இருக்கிறீர். ஒரு பெண்பிள்ளையை விட்டு ஊரான் சுவரை இடிக்கிறீரே.”

செங்கமலத்தம்மை ஓட்டையை மறைக்காமல் ஒதுங்கி நின்றார்.

தாண்டவராயர் இன்னும் நன்றாகத் திட்டுவதற்காகக் குனிந்தார். திறந்திருந்த பின்கதவு வழியே, தரையில் கிடந்த உலகம்மை தெரிந்தாள். திட்டு பாதியில் நின்றது. அவர் மனைவியும் பின்னால் வந்து குனிந்து பார்த்தாள். அடுப்படிக்குப் போனாள்.

சற்றுக் கழித்து ஓட்டைக்கு எதிரே ஆவி பறக்கும் வெந்நீர்ச் சட்டி வந்தது. வாய் நுழைந்தது, வயிறு நுழையவில்லை. அவள் திருப்பிப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். வெந்நீர் சுவரில் வழிந்தது.

இந்தப் பக்கம் ஆதிமூலம் கடப்பாரையை எடுத்துக் கண்டபடி குத்தினார்.

தாண்டவராயருக்குப் பொறுக்கவில்லை. “கடப்பாரையை இப்படியா பிடிப்பது? இங்கே கொடும்.”

கடப்பாரை அந்தப் பக்கம் போனது. அவர் கட்டிய சுவர், எங்கே இடித்தால் பெயரும் என்று அவருக்குத் தெரியும்.

சட்டி வந்தது. ஆதிமூலம் குளிகையை இழைத்து மகள் வாயில் விட்டார், பிறகு மருமகனுக்கு. அன்று முழுவதும் அந்த வழியாகத் தண்ணீர் வந்தது, கஞ்சி வந்தது, தென்னை மட்டை பற்றிய பழைய வசவும் ஒருமுறை வந்தது.

கடப்பாரை மட்டும் திரும்பி வரவில்லை. மறுநாள் தாண்டவராயர் வீட்டுக்கு அந்தப் பக்கச் சுவரில் இடிக்கும் சத்தம் கேட்டது. அதற்கு மறுநாள் இன்னும் தள்ளி, தெருக்கோடியில் கேட்டது.

உலகம்மை எழுந்து உட்கார்ந்து, உப்புப் போதவில்லை என்று கஞ்சியைக் குறை சொன்ன அன்று, ஆதிமூலம் ஓர் ஓலை நறுக்கும் எழுத்தாணியும் தேடி எடுத்தார். வெகுநேரம் எழுதினார். பிறகு குருவிடம் வந்தார்.

“பாட்டு முடிந்துவிட்டது அம்மா. அளவு மட்டும் வேண்டும். சுவரில் எவ்வளவு இடிப்பது?”

செங்கமலத்தம்மை எட்டிச் சுவரைப் பார்த்தார்.

“கஞ்சிச் சட்டி நுழைய வேண்டும்.”