செவ்வல் மேடு

கேட்ட கேள்விக்குக் குருமார்கள் பதில் சொல்வார்கள் என்பது, நன்கு படித்தவர்களிடம்கூட வேரோடிப்போன தவறான எண்ணம். இதனால் நாட்டுக்கு விளைந்த கேடு கொஞ்சமல்ல. தீர விசாரித்தால், கேள்வி வந்த நேரத்தில் அவர்கள் பெரும்பாலும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது தெரியவரும்.

மலையடிவாரத்து மடத்தில் சங்கிலிச்சாமியும் அன்று முருங்கைக்கீரைதான் உருவிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த சீடர் ஆவுடையப்பன், குருவைவிடப் பத்து வயது மூத்தவர். வாசலில் ஒரு கார் நின்றது. அதற்குள், மலைவிடுதி கட்டும் கம்பெனியின் ஆள் பத்திரமும் பேனாவுமாகக் காத்திருந்தார்.

“சாமி, மேட்டை வித்துரலாமா?”

“எந்த மேடு வே?”

“செவ்வல் மேடு. எனக்கு மிஞ்சினது அது ஒண்ணுதான். சுத்தியிருந்த வயக்காட்டை எல்லாரும் குடுத்தாச்சு. தென்னந்தோப்பு நின்ன இடத்துல தகரவேலி நிக்கி. வாய்க்காலைக் குழாய்க்குள்ள விட்டுட்டான். நான் மட்டும் பிடிச்சு வச்சிருந்தா ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டுமே. ஊருக்கும் பொழுது போகணும்லா?”

“பெத்த மவனே, ‘ஏம்ப்பா புல்லுக்குக் காவல் இருக்கிய?’ங்கான்.”

சாமி கீரையைப் பார்த்தார்.

ஆவுடையப்பன் அந்தச் செம்மண் மேட்டை நினைத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் பனைமட்டையில் உட்கார்ந்து அதில் சறுக்கி, கால்சட்டையின் பின்புறத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்ததுண்டு. கல்யாணமான வருஷம், ஆனிச் சாரலில், புதுப்பெண்ணான பேச்சியம்மாள் அங்கே நின்றாள். எதிரே மேகம் மலையை மூடுவதும் விடுவதுமாக இருந்தது. “மலை நம்மளைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டுது, பாத்தியளா?” என்றாள். அவள் போய்ச் சேர்ந்த பிறகும், ஆனி பிறந்தால் அவருடைய கால் தானாக அங்கேதான் ஏறும்.

இதைச் சொல்ல வாய் வரவில்லை. பத்திரத்தை மறுக்க, பேரன் எடுத்தவன் சொல்கிற காரணமா இது?

“அதுல என்ன விளையுது?” என்றார் சாமி.

“ஒண்ணும் விளையாது. எங்கப்பா கடலை போட்டாரு, முளைக்கல. நான் வீடு கட்ட நெனச்சேன், கைகூடல. அது பாட்டுக்குச் சும்மா கெடக்கு சாமி.”

சாமியின் கை நின்றது.

“எப்படிக் கெடக்கு?”

“சும்மா.”

“நீரு மடத்துக்கு வந்த முதல் நாள் உமக்கு என்ன சொன்னேன்?”

“‘சும்மா இரும்’னு சொன்னிய.”

“இருந்தீரா?”

“எங்க சாமி! கண்ணை மூடுனா முட்டு வலிக்கு. வலி விட்டா மவன் நெனப்பு. அதுவும் விட்டா, மத்தியானம் மடத்துல என்ன குழம்புன்னு தோணுது.”

“மேட்டுக்கு?”

ஆவுடையப்பன் நிஜமாகவே யோசித்தார்.

“அதுக்கு ஒண்ணும் தோணுறாப்புல தெரியல.”

வாசலில் கார் ஹாரன் அடித்தது.

சாமி அடுத்த கொத்தை எடுத்து உதறினார்.

“நல்லாருக்கு வே. மூத்த சீடனை வித்துரலாமான்னு இளைய சீடன் வந்து கேக்கீரு.”

ஆவுடையப்பன் எழுந்து, பின்கட்டு வழியாகப் போய்விட்டார். கார் வெகுநேரம் நின்றுவிட்டுப் புறப்பட்டது.

மறுவருஷம் மலைவிடுதி திறந்தது. செவ்வல் மேட்டைப் பார்த்த ஜன்னல் உள்ள அறைகளுக்கு அங்கே வாடகை கூடுதல்.