பைட்டும் சோறும்

"தப்பு என்னோடது இல்ல மேடம்" என்றார் தயாபரன், உட்காரக்கூடச் செய்யாமல்.

கோமதி திரையிலிருந்து நிமிர்ந்தார். வயதில் தயாபரனைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் அவர் எழுதிய நிரலை ஒருமுறை படித்த நாளிலிருந்து தயாபரனுக்கு அவர்தான் குரு. அதைச் சொல்லிக்கொள்வதில் தயாபரனுக்குக் கூச்சமே கிடையாது.

"பின்ன யாரோடது?"

"கண் ஆஸ்பத்திரியில ஆளைக் கூப்பிடற பலகைக்கு நிரல் எழுதினானே, அவனோடது."

நடந்தது இதுதான். ஆங்கில வாசகத்தைக் கொடுத்தால் தமிழ் வாசகத்தைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் என்ற நிரல் துண்டு தயாபரனுடையது. ஆனால் எழுத்தாகத் தராது, வெறும் பைட்டுகளாக, அதாவது எண்களாகத் தரும். வாங்குகிறவர்தான் யூனிகோட் எழுத்தாக மாற்றிக்கொள்ள வேண்டும். பலகைக்காரன் மறந்துவிட்டான். ஆங்கிலத்தில் சோதித்தபோது ஜோராக ஓடியது. ஆங்கிலத்தில் பைட்டும் எழுத்தும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும், இந்த மறதியைக் காட்டிக்கொடுக்காது.

பதிவு செய்யும்போது தமிழ் வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் செல்லக்கிளி அம்மாள். கண் கட்டுப் பிரிக்க வந்தவர். நேற்று அவர் முறை வந்ததும் பலகை ஒரு கணம் கறுத்துப்போய், அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டது. பாவம், ஒற்றைக் கண்ணால் பலகையையே பார்த்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். நாளைக்கு மறுபடி வருகிறார்.

"மாத்திக்கணும்னு தெளிவா எழுதி வச்சிருக்கேன் மேடம். படிக்கலைன்னா நான் என்ன செய்ய?"

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல."

"வாங்க."

கேன்டீனில் கோமதி பரிமாறுகிறவர் காதில் ஏதோ சொன்னார். கோமதியின் இலையில் ஆவி பறக்கச் சோறு விழுந்தது. தயாபரனின் இலையில் ஒரு பிடி வேகாத அரிசி விழுந்தது. அதன் தலையில் சாம்பாரும்.

"வேகவச்சுச் சாப்பிடுங்க சார்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார் அந்த மனுஷர்.

"என்ன மேடம் இது?"

"நல்ல அரிசி. அதுல ஒரு குறையும் இல்ல."

கோமதி சாப்பிடத் தொடங்கினார்.

தயாபரனுக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. முதலில் கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு. அதற்கும் அப்புறம் செல்லக்கிளி அம்மாளின் நினைப்பு வந்து வெட்கமாகிவிட்டது. இந்தப் பெண்ணுக்கு எப்படித்தான் தோன்றுகிறதோ என்று மனசு நிறைந்துபோயிற்று.

"எழுத்தாவே கொடுத்துடறேன்" என்று எழுந்தவர், அப்படியே நின்றார்.

"ஆனா மேடம், இத்தனை நாளா என் ஃபங்ஷனை எடுத்துக்கிட்ட மத்தவங்க அவங்கவங்க வீட்டுல உலை வச்சிருக்காங்களே. சோத்தைக் கொடுத்தா அதையும் உலையில போடுவாங்க. குழைஞ்சு நாசமாயிடும்."

கோமதியின் கை பாதி வழியில் நின்றது. இதை அவர் யோசித்திருக்கவில்லை. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அதனால, ஃபங்ஷனோட பழைய பேருல அரிசியே போகட்டும்" என்றார் தயாபரன் மெதுவாக. "சோத்துக்குப் புதுப் பேரு வச்சு, பலகைக்கு அதைக் கொடுக்கிறேன்."

"அண்ணே" என்று கோமதி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், "சாருக்குச் சோறு போடுங்க."

தயாபரன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

மறுநாள் காலை பலகை தமிழில் கூப்பிட்டது. செல்லக்கிளி அம்மாள் எழுந்தார்.

கடைசி வரிசையில் பலகையையே பார்த்துக்கொண்டிருந்த தயாபரனும் எழுந்துவிட்டார்.