வரையாட்டின் முதுகில் வெள்ளை விழுந்த கதை

அந்தக் காலத்தில் வரையாட்டுக்கு வாய் இருந்தது, மனுசனுக்குக் காது இருந்தது. இருந்து என்ன பிரயோசனம்? முழுசாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, தப்பு யார் மேல் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்போதெல்லாம் வரையாடுகள் இன்றுபோலப் பாறையில் தொற்றிக்கொண்டு கிடக்கவில்லை. மலைமேலே பச்சைப்பசேல் என்று கிடந்த புல்வெளியில்தான் குடியிருந்தன. பாறையில் ஏறத் தெரியும், தெரியாமல் என்ன? ஆனால் பாறை அவற்றுக்கு உப்பு நக்கப் போகிற வழி, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் சடைச்சி என்றொரு பெட்டை இருந்தாள். அவளுடைய கிடாய் கட்டையன். சடைச்சி அப்போது நிறைசினை. குட்டி பனிக்காலத்தில் விழும். தாய்க்கு நல்ல புல் இல்லாவிட்டால் மடி வற்றிப்போகும், குட்டி பிழைக்காது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அடிவாரத்திலிருந்து உலகப்பன் என்கிற மந்தைக்காரன் இருநூறு மாடுகளை ஓட்டிக்கொண்டு மேலே வந்தான். வந்தவன் கம்பை ஊன்றி நின்று, "இனிமே இது எங்க மேய்ச்சக் காடு. ஆடுக எல்லாம் வேற இடம் பாருங்க" என்றான்.

சடைச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரு வீட்டுக்குள்ள வந்து யாரை வெளிய போகச் சொல்ற? எங்க பாட்டன் முப்பாட்டன் மேஞ்ச புல்லு இது!"

"எழுதியா வச்சிருக்கு?" என்று கேட்டான் உலகப்பன். கேட்டானே ஒரு கேள்வி! புல்லில் யார் பேர் எழுதி வைப்பார்கள்?

சண்டை முற்றி, வழக்கு ராசாளிக் கழுகிடம் போனது. மலையில் பெரிய நியாயக்காரர் அவர்தான். வாள்முகட்டின் மேற்குக் கோடியில், உச்சிக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பட்டமரத்தில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பேர் சொல்வதையும் பாதி தூக்கத்தில் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "விடியும்போது கிழக்குக் கோடியில் கிளம்புங்கள். முகட்டு வழியாகவே வரவேண்டும். பொழுது சாய்வதற்குள் உச்சிக்கல்லை யார் முதலில் தொடுகிறாரோ, புல் அவருக்கு."

ஆட்டுக்குட்டிகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. வரையாட்டோடு மனுசன் முகட்டில் போட்டி போடுவதாவது! உலகப்பனோ மறுபேச்சுப் பேசாமல் சரி என்றான். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை.

வரையாடுகளுக்கு ஒரு முறை உண்டு. முகட்டில் ஒருத்தர் தவித்து நின்றால், முன்னால் போனவர் திரும்பி வந்து கைகொடுத்தே ஆகவேண்டும். பகையாளியாக இருந்தாலும் சரிதான். உலகப்பன் அதைப் பல நாள் கீழே இருந்து பார்த்து வைத்திருந்தான். பார்த்து அவன் கற்றுக்கொண்டது என்ன என்று இனிமேல்தான் தெரியும்.

விடிந்தது. கிளம்பினார்கள். வாள்முகடு லேசுப்பட்ட வழி இல்லை. இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம், நடுவில் ஓரடி அகலத்துக்குப் பாறை. மிதித்த கல் நிற்குமா உருளுமா என்று மிதித்த பிறகுதான் தெரியும். இதுதான் உச்சி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறினால், அதற்குப் பின்னால் இன்னொரு மேடு நிற்கும். காற்றோ ஆளைத் தூக்கிப் போடப் பார்க்கும். ஆடுகளுக்காகப் போட்டியில் இறங்கிய கட்டையன் தாவித் தாவி முன்னால் போய்விட்டான். உலகப்பன் தவழ்ந்தும் நகர்ந்தும் போனான். சடைச்சி, தன் கிடாய் அவன் கெலிப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், வயிற்றுப் பாரத்தோடு எல்லாருக்கும் பின்னால் மெல்ல வந்தாள்.

உச்சிப்பொழுது தாண்டியபோது ஒரு குறுகலான பாறையில் உலகப்பன் குப்புறப் படுத்துக் கிடந்தான்.

"தாயீ!" என்று அழுதான். "காலு நடுங்குது தாயீ. முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல. எனக்கும் ஊருல புள்ளகுட்டி இருக்கு."

புள்ளகுட்டி என்றதும் சடைச்சிக்கு மனசு கேட்கவில்லை. நல்ல மனசுக்கு அதுதானே கேடு! அவளே தலையைத் தூக்கிக் கூப்பிட்டாள்: "மச்சான்! திரும்பி வா!"

கட்டையனுக்கு இன்னும் ஒரே ஒரு மேடுதான் பாக்கி. "என்ன புள்ள, கல்லு இந்தாத் தெரியுதே!" என்றான்.

"தெரிஞ்சா தெரியட்டும். இங்க ஒரு உசுரு தவிக்குது. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

கட்டையன் திரும்பி வந்தான். வந்தவனை உலகப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். "பின்னால கொண்டுபோய் விட்டா உனக்கு நேரமாகும் ராசா. உன் வழியிலயே தூக்கிட்டுப் போ. உச்சிக்கல்லுக்கு அந்தப் பக்கம் இறக்கம் நல்ல வழியாம். நீ தொட்டுக்கோ, நான் பேசாம இறங்கிப் போயிர்றேன். நான் தோத்தவன்தானே!"

கட்டையன் முன்னங்காலை மடக்கினான். உலகப்பன் ஏறி உட்கார்ந்தான்.

அதன்பிறகு நடந்ததை எல்லாம் சடைச்சி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தாவலுக்கும் உலகப்பன் கொம்பைப் பிடித்து இழுத்தான். தொடையால் இறுக்கினான். கட்டையன் முதுகில் மயிர் கற்றையாகக் கழன்று காற்றில் பறந்தது. தோல் வழன்று ரத்தம் கசிந்தது. "கொஞ்சம் தளத்தி உக்காருய்யா, புண்ணாகுது பாரு!" என்று சடைச்சி கத்தினாள். அவன் காதில் விழுந்ததா இல்லையா, அவனுக்கே வெளிச்சம்.

பொழுது மேற்கே இறங்கியது. உச்சிக்கல் எட்டு அடியில் நின்றது. நாலு அடி. இரண்டு அடி. கட்டையன் குளம்பைத் தூக்கினான். அந்த நொடியில் உலகப்பன் அவன் கொம்புக்கு மேலே எக்கி, இரண்டு கையாலும் கல்லைப் பளார் என்று அடித்தான்.

"தொட்டாச்சு! நான்தான் முதல்ல!"

சடைச்சிக்கு ஒரு நிமிசம் நடந்தது என்னவென்றே பிடிபடவில்லை. பிடிபட்டதும் ஓடிப்போய் ராசாளி முன்னால் நின்றாள். "அய்யா, இது அடுக்குமா? சுமந்துட்டு வந்தவன் முதுகில இருந்துக்கிட்டே சுமந்தவன் வாயில மண்ணைப் போட்டுட்டான். இந்தப் புண்ணைப் பாருங்க!"

ராசாளி இறகைக் கோதிக்கொண்டார். "நான் கல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்லில் முதலில் பட்டது அவன் கை."

"எப்படி வந்தான்னு பாக்க வேண்டாமா?"

"அது என் வேலை இல்லை, அம்மா."

"அப்ப இவரு திரும்பி வந்தது தப்பா? ஒரு உசுரைக் காப்பாத்தினது தப்பா? சொல்லுங்க!"

ராசாளி கண்ணை மூடிக்கொண்டார். தூங்கினாரோ, தூங்குவதுபோல நடித்தாரோ. உலகப்பன் அதற்குள் இறக்கத்தில் பாதி தூரம் போயிருந்தான். நன்றி என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அதுகூட இல்லை. கீழே மாடுகள் புல்வெளிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

கட்டையன் தலையைத் தொங்கப் போட்டு நின்றான். "என்னாலதான் மச்சான். நான்தானே கூப்பிட்டேன்" என்று அழுதாள் சடைச்சி. கட்டையன், "நீ கூப்பிட்டது சரிதான் புள்ள. வந்ததும் சரிதான்" என்றான். அதைக் கேட்டு அவளுக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. சரியாக நடந்தவர்கள் அழுகிறார்கள், தப்பாக நடந்தவன் சிரித்துக்கொண்டு போகிறான், இது என்ன உலகம்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு முகட்டு நுனிக்குப் போனாள். இறங்கிப் போகிறவன் காதில் விழும்படி உரக்கச் சொன்னாள்: "ஏ மனுசா! புல்லை நீயே வச்சுக்கோ. பாறை இடுக்கில முளைக்கிறது எங்களுக்குப் போதும். ஆனா எங்க முதுகு இனி உங்க சாதிக்குக் கிடையாது. எங்க பேச்சும் கிடையாது!"

மனுசனிடம் வரையாடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அந்தப் பனிக்காலத்தில், புல் இல்லாத ஒரு பாறை விளிம்பில் சடைச்சி கிடாய்க்குட்டி போட்டாள். பால் கொஞ்சம்தான் சுரந்தது. குட்டி பிழைத்தது, தட்டுத்தடுமாறிப் பிழைத்தது. வளர்ந்து ஆளைச் சுமக்கிற வலு வந்த வருசம், அப்பன் முதுகில் புண் ஆறி வெள்ளை மயிர் முளைத்திருந்த அதே இடத்தில் அதன் முதுகிலும் மயிர் வெளுத்தது.

அன்று முதல்தான் முற்றிய கிடாய்களின் முதுகில் ஆள் உட்கார்ந்த அளவுக்கு வெள்ளை விழுகிறது. அன்று முதல்தான் நாம் முகட்டில் கால் நடுங்கி நின்று எத்தனை தரம் கூப்பிட்டாலும், வரையாடு எட்டத்துப் பாறையில் நின்று நம்மைப் பார்க்கும், ஒரு சீழ்க்கை அடித்துத் தன் கூட்டத்தை எச்சரிக்கும், திரும்பிப் போய்விடும்.