மூடாத சிரட்டைகள்

வேங்கைக்காட்டுக் குளம் வற்றிப்போனது. ஆடியில் வரவேண்டிய மழை புரட்டாசியில்தான் வந்தது. அதுவும் ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு ஓடிவிட்டது. குளத்தின் நடுவே ஒரு சேற்றுப் பள்ளம் மட்டும் மிஞ்சியது. மயிலி என்ற எருமை அதில் புரண்டு கிடந்தது. தவளைகளும் குட்டி மீன்களும் அதற்குத் துணை.

சேற்றைக் குடிக்க முடியுமா? மலைமேல் ஒரு சுனை இருந்தது. காட்டோரத் தென்னந்தோப்பில் கிடந்த சிரட்டைகளைக் குரங்குகள் பொறுக்கி வந்தன. சுனைத் தண்ணீரை மொண்டு வந்து மரத்துக்கு மரம் வரிசையாக வைத்தன.

காட்டின் தலைவரான கரடி உத்தரவு போட்டது. "மலையேறிக் கொண்டுவந்த தண்ணீர்! ஒரு சொட்டுகூடக் கொட்டக் கூடாது. குறைந்தால் மேலே ஊற்றி நிரப்புங்கள்!"

எல்லா விலங்குகளும் அப்படியே செய்தன.

மார்கழி வந்தது. பனி வரவில்லை. காய்ச்சல் வந்தது!

முதலில் மான்கள் படுத்தன. பிறகு அணில்கள். பிறகு பவளம் என்ற மந்தியின் ஒரே குட்டி, சிட்டன். அதன் உடம்பு அனலாய்க் கொதித்தது. பால்கூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தது.

கரடி கூட்டம் கூட்டியது. வரிபோட்ட கால்களுடன் ரீங்காரி என்ற கொசுவும் வந்து சேர்ந்தது.

"கரடி மாமா, நான் நாலு இடம் சுற்றுகிறவள். அழுக்கில்தானே நோய் பிறக்கும்? இந்தக் காட்டில் அழுக்கில் கிடப்பது யார்?"

எல்லாரும் மயிலியைப் பார்த்தார்கள்.

"என்னையா சொல்கிறாய்?" என்றது மயிலி. "பிறந்ததிலிருந்து நான் சேற்றில்தான் கிடக்கிறேன். அப்போதெல்லாம் யாருக்கும் காய்ச்சல் வரவில்லையே!"

"பேச்சைப் பாருங்கள்! மூக்கெல்லாம் சேறு, வாயெல்லாம் நியாயம்!" என்று நரி சிரித்தது.

"என் பிள்ளை நெருப்பாய்க் கொதிக்கிறான். முதலில் இவளைத் துரத்துங்கள்!" என்று பவளம் கத்தியது.

மயிலி எழுந்து, மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது.

ஆனால் காய்ச்சல் போகவில்லை. தினமும் இரண்டு பேர் புதிதாகப் படுத்தார்கள். சிட்டனின் கண்கள் குழிவிழுந்தன.

ஒரு நண்பகல். சிட்டனுக்கு வாய் நனைக்கப் பவளம் சிரட்டையை எடுத்தது. வெயில் நேராகத் தண்ணீருக்குள் விழுந்தது. உள்ளே ஏதோ நெளிந்தது! குட்டிக் குட்டிப் புழுக்கள், தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பவளம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரின் மேல் ஒரு கூடு பிளந்தது. வரிக்கால் கொசு ஒன்று அதிலிருந்து எழுந்து பறந்தது.

சிட்டனின் காதில் ஏற்கெனவே ரீங்காரி உட்கார்ந்திருந்தது.

"ஏய்! அழுக்கில்தான் நோய் பிறக்கும் என்றாயே?"

"அழுக்கில் பிள்ளை பெற எனக்கென்ன தலையெழுத்து? எனக்குத் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும்!" ரீங்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்கள் கொட்ட மாட்டீர்கள், தேய்க்க மாட்டீர்கள், மூடவும் மாட்டீர்கள். முன்பெல்லாம் மார்கழிக் குளிரில் எங்கள் கூட்டம் ஒடுங்கிவிடும். இப்போது அதுவும் இல்லை. எருமையைக் காட்டினேன். ஒருவராவது சிரட்டைப் பக்கம் திரும்பினீர்களா?"

பட்!

பவளம் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு கரடியிடம் ஓடியது. நடந்ததைச் சொன்னது.

கரடி சிரட்டைக்குள் குனிந்து பார்த்தது. முகம் சுருங்கியது. ஆனாலும், "கொட்டுவதா? மலையேறிக் கொண்டுவந்த தண்ணீரையா? பிறகு தாகத்தில் சாவதா?" என்றது.

பவளம் மலைக்கு அந்தப் பக்கம் போய் மயிலியின் முன் நின்றது.

"அக்கா, உன்னைத் துரத்தச் சொன்ன வாய் இது. தப்பு என்னுடையது. திரும்பி வா."

மயிலி ஒரு முறை காதை ஆட்டியது. "பிள்ளை எப்படி இருக்கிறான்?"

"அப்படியேதான் கிடக்கிறான். தண்ணீரைக் கொட்டினால் தாகம், கொட்டாவிட்டால் காய்ச்சல். என்ன செய்வது?"

"இதற்கா இந்தக் குழப்பம்? குடிக்கிற அளவுக்கு மட்டும் மொண்டு வாருங்கள். மிஞ்சிய பழைய தண்ணீரை என் பள்ளத்தில் கொட்டுங்கள். புழுவை மீன் தின்னும். ஈரத்தில் நான் புரள்வேன். எங்கே வீணாகிறது?"

பவளம் மயிலியைக் கூட்டிவந்து இதைச் சொன்னதும் கரடிக்குப் பிடித்துப்போனது. அன்றே பழைய உத்தரவு மாறியது. வாரந்தோறும் சிரட்டைகளைப் பள்ளத்தில் கவிழ்த்தார்கள். மணல் போட்டுத் தேய்த்தார்கள். புதுத் தண்ணீர் நிரப்பித் தேக்கிலையால் இறுக மூடினார்கள். கொசுக்கள் முட்டையிட இடமில்லாமல் அலைந்து, குறைந்துபோயின.

பவளம் சிட்டனை நிழலில் கிடத்தி, சுனைத் தண்ணீரை அடிக்கடி புகட்டியது. மெல்ல மெல்லச் சூடு இறங்கியது. ஒரு மாலையில் சிட்டன் மயிலியின் முதுகில் ஏறி, கொம்பைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, ஓடு!" என்று கத்தியது.

"காய்ச்சலில் கிடந்தபோதே நல்ல பிள்ளையாக இருந்தாய்!" என்று முனகியபடி மயிலி ஓடியது.

பருவகாலம் மாறும்போது நம் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். அதைவிட்டு அடுத்தவர்மேல் பழி போட்டால், நோய் நம் வீட்டிலேயே வளரும்.