காக்கை வீட்டுக்குப் போன போர்வை

அந்தக் காலத்தில், மரத்தில் இருப்பதும் மண்ணில் ஊர்வதும் எல்லாம் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்தபோது, குயிலுக்குக் கூடு கட்டத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குயில் சோம்பேறி, காக்கையை ஏமாற்றி அதன் கூட்டில் முட்டை இட்டுவிட்டுப் போய்விடுகிறது என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு அடிபடுகிறது. சொல்கிறவர்கள் யாரும் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இல்லை. அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் உங்கள் பாடு.

ஏரிக்கரையில் ஒரு பெரிய புளியமரம். அதில் பொன்னரும்பு என்று ஒரு குயில் இருந்தாள். எந்நேரமும் போர்வை தைத்துக்கொண்டிருப்பாள். கூலிக்கு இல்லை, எல்லாம் பிரியத்துக்குத்தான். யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும், யாருக்குக் கல்யாணம் என்றாலும், யார் காய்ச்சலில் படுத்தாலும் பொன்னரும்பு ஒரு போர்வையோடு போய் நிற்பாள். அவளிடம் யாரும் வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

அவள் தைப்பதற்கென்று ஒரு முறை உண்டு. போர்வை யாருக்கோ, அவர்களுடைய சொந்தபந்தம் எல்லோரிடமும் போய் ஆளுக்கொரு துண்டு வாங்கி வருவாள். ஆட்டு மயிரோ, பாம்பு கழற்றிப் போட்ட சட்டையோ, மயில் உதிர்த்த இறகோ, எதுவானாலும் சரி, அது அவரவர் உடம்பில் கிடந்ததாக இருக்க வேண்டும். நடுவில் இலவம் பஞ்சைப் பரப்பி, கருவேல முள்ளை ஊசியாக்கி, சிலந்தி கொடுத்த நூலால் துண்டு துண்டாக ஒட்டுப்போட்டுத் தைப்பாள். எல்லாம் முடிந்த பிறகு தன் மேலிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கி ஓரத்தில் வைத்துத் தைப்பாள்.

"கொடுக்கிறவ தன்னோடது ஒண்ணை வைக்கணும். இல்லேன்னா சந்தையில வாங்கிட்டு வந்து கொடுத்தாப்பல ஆயிடும்" என்பாள்.

அப்போதெல்லாம் பொன்னரும்பும் தன் வீட்டுக்காரன் சாமிக்கண்ணு மாதிரியே கன்னங்கரேலென்று இருப்பாள். இறகு பிடுங்கிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு பொட்டு முளைக்கும். ஊரில் பிள்ளைகுட்டிகள் பெருகப் பெருக, அவள் உடம்பெல்லாம் பொட்டாகிவிட்டது. இன்றைக்கும் பெண் குயிலைப் பாருங்கள், கறுப்பாகவா இருக்கிறது?

"ஏரியில போய் உன் உடம்பைப் பாரு புள்ள. அரிசிப் பானையைத் தலையில கவுத்துக்கிட்ட மாதிரி இருக்கே" என்று சாமிக்கண்ணு கேலி செய்வான்.

"இருந்துட்டுப் போகுது. உங்களை யாரு பார்க்கச் சொன்னா" என்பாள் அவள்.

சாமிக்கண்ணுக்குப் பாடத் தெரியும். அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் பெண்டாட்டி மேல் உயிர். நமக்கென்று ஒரு கூடு கட்டிக்கொள்ளலாம் என்று வருஷா வருஷம் சொல்லிப் பார்ப்பான். "இந்த ஒரு போர்வை மட்டும் முடியட்டுங்க" என்பாள் பொன்னரும்பு. அந்த ஒன்று முடிவதற்குள் எங்கேயாவது ஓர் அணில் பிள்ளை பெற்றிருக்கும்.

இப்படியே இருந்தவளுக்கு ஒரு சித்திரை மாதத்தில் வயிற்றில் முட்டை உண்டாயிற்று. அப்போதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடு இல்லை. முட்டையை எங்கே வைப்பது?

சுள்ளி பொறுக்கிக் கூடு கட்ட இனி நாள் போதாது. அதனால் அவளுக்குத் தெரிந்த வேலையை வைத்தே ஒரு வழி கண்டுபிடித்தாள். கனமாக ஒரு போர்வை தைத்து, கிளை இரண்டாகக் கவர் விடுகிற இடத்தில் தூளி மாதிரி கட்டிவிட்டால் அதுவே கூடு, அதுவே மெத்தை, அதுவே போர்வை. சாமிக்கண்ணு பாட்டை நிறுத்திவிட்டுப் பஞ்சு சுமந்தான். இந்தத் தடவை பொன்னரும்பு போய் நின்ற வாசலில் எல்லாம் வாரிக் கொடுத்தார்கள்.

மேல்கிளையில் இருந்த அங்காயி என்கிற காக்கையும் ஓர் இறகு கொடுத்தாள். அங்காயிக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் பேசினால் ஏரியின் அக்கரைக்குக் கேட்கும்.

"ஊருக்கெல்லாம் தைச்சே, உனக்கு ஒரு குச்சியை எடுத்து வைக்கத் தோணலை பாரு. உன்னையெல்லாம் என்ன சொல்றது. இந்தா, நல்ல இறகாத்தான் தரேன், பிடி" என்றாள்.

"சரிக்கா" என்று வாங்கிக்கொண்டாள் பொன்னரும்பு.

போர்வை முடிந்தது. தன் இறகு ஒன்றையும் பிடுங்கி ஓரத்தில் தைத்து, கிளைக் கவட்டில் கட்டினாள். உள்ளே இறங்கி உட்கார்ந்து பார்த்தாள். எத்தனையோ போர்வை தைத்திருக்கிறாள், ஒன்றிலும் உட்கார்ந்து பார்த்ததில்லை. இவ்வளவு சுகமாகவா இருக்கும் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. விடிந்தால் முட்டை இட்டுவிடலாம் என்று உடம்பு சொன்னது.

அன்று சாயங்காலம் கோடை மழை பிடித்துக்கொண்டது. வெறும் மழை இல்லை, பேய்க்காற்று. அங்காயியின் சுள்ளிக் கூடு பிய்ந்து ஏரிப் பக்கமாகப் போயிற்று. கூட்டிலிருந்த முட்டைகளை அவள் எப்படியோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மரப்பொந்து ஒன்றில் ஒண்டிக்கொண்டாள். பொந்துக்குள்ளும் தண்ணீர் இறங்கியது. அவளும் நனைந்து, முட்டைகளும் நனைந்து, சூடு இறங்கிக்கொண்டே வந்தது. அவ்வளவு வாய் பேசுகிறவள் ஒரு சத்தமும் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

கீழ்க்கிளையிலிருந்து பொன்னரும்பு அதைப் பார்த்தாள். அங்காயி கத்தியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அந்த மௌனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து தன் போர்வையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"என்ன புள்ள பண்றே?" என்றான் சாமிக்கண்ணு. "விடிஞ்சா நம்ம பிள்ளைக்கு எங்க போறது?"

"நம்ம பிள்ளை இன்னும் என் வயித்துக்குள்ளதாங்க இருக்கு. அதுக்குக் குளிராது. அவ பிள்ளைங்க வெளிய கிடக்குதுங்க."

இன்னொரு பக்கத்து முடிச்சை அவனே அவிழ்த்தான். இரண்டு பேருமாகப் போர்வையைத் தூக்கிக்கொண்டு போய், பொந்துக்குள் முட்டைகளைச் சுற்றிப் பொதிந்து வைத்தார்கள். அங்காயி அவர்களை ஏறிட்டுப் பார்த்தாள். போர்வைக்குள் முட்டைகளோடு சுருண்டுகொண்டாள்.

காலையில் மழை விட்டிருந்தது. முட்டைகள் பிழைத்துக்கொண்டன. வெளியூர் போயிருந்த அங்காயியின் வீட்டுக்காரர் பறந்து வந்து, சுள்ளியும் கம்பியும் கொண்டுவந்து, வெயில் ஏறுவதற்குள் ஒரு கூட்டைக் கட்டி முடித்தார். நடுவில் அந்தப் போர்வையைப் பரப்பி அங்காயி முட்டைகளை வைத்தாள். அப்புறம்தான் கீழே பார்த்தாள்.

வெறும் கிளையில் பொன்னரும்பு உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வலி. எங்கே இடுவது என்று தெரியாமல் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டு, முட்டை வெளியே வராமல் அடக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாமிக்கண்ணு செய்வதறியாமல் இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருந்தான்.

அங்காயிக்கு வந்ததே கோபம். "அடி கூறுகெட்டவளே, மேல வாடி" என்று ஒரு அதட்டல் போட்டாள். "போர்வை தைச்சது நீ. அதுல உன் பிள்ளைக்கு இடமில்லேன்னு யாரு சொன்னா? ஏறு."

பொன்னரும்பு ஏறி வந்து, அந்தக் கூட்டில், தான் தைத்த போர்வையில், காக்கை முட்டைகளின் பக்கத்தில் தன் முட்டையை இட்டாள். இட்டுவிட்டு அங்காயியின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். "நாலு நாள் பொறுத்துக்கக்கா. ஒரு கூடு கட்டிக்கிட்டு எடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

"நீ கூடு கட்டின லட்சணம்தான் தெரியுமே. வழியில எவளாவது பிள்ளை பெத்திருப்பா, அங்க போய் நின்னுக்குவே. இங்கேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கறேன்."

இதைச் சொல்லி வாய் மூடவில்லை, காக்கைக் கூட்டம் வந்துவிட்டது. மழைக்குப் பிறகு யார் கூடு இருக்கிறது, யார் கூடு போயிற்று என்று பார்த்துக்கொண்டே வந்தார்கள். காக்கைகளுக்குள் ஒரு கட்டுப்பாடு. வேற்று இனத்து முட்டையைக் கூட்டில் கண்டால் கீழே உருட்டிவிட வேண்டும். அதில் தாய் தகப்பனைக்கூடக் கேட்கமாட்டார்கள். கூட்டத்துப் பெரியவர் தலையைச் சாய்த்து, "அங்காயி, இந்தக் குயிலுக்கு உன் கூட்டுல என்ன சோலி?" என்றார்.

ஒரே ஒரு நொடிதான். அங்காயி திரும்பிப் பொன்னரும்பின் மேல் பாய்ந்தாள். "திருட்டு முண்டம், என் வீட்டுலயா நுழையறே" என்று ஏரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியை மரத்துக்கு மரம் விரட்டினாள். கூட்டமும் சேர்ந்து விரட்டியது. இதைப் பார்த்த பிறகு கூட்டில் இருக்கிற முட்டைகளில் ஒன்று குயிலுடையதாக இருக்குமோ என்று ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

பொன்னரும்பு மாந்தோப்பில் போய் விழுந்தாள். இலைகளுக்குள் ஒளிந்துகொண்டு, போர்வையும் போயிற்று, பிள்ளையும் போயிற்று, அக்கா என்று நம்பினவளும் போனாள் என்று விம்மி விம்மி அழுதாள். சாமிக்கண்ணு என்ன சொல்லியும் தேறவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அங்காயி தனியாக வந்தாள். வந்தவள் முதலில் பொன்னரும்பின் முதுகையும் வாலையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"எங்கேயாவது பட்டுதாடி?"

பொன்னரும்பு யோசித்துப் பார்த்தாள். அத்தனை மரம் விரட்டியும் ஓர் இறகுகூடப் பிசகவில்லை. அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"எங்க ஆளுங்க கண்ணுக்கு முன்னால உன்னை நான் சேர்த்துக்க முடியாது" என்றாள் அங்காயி. "சேர்த்துக்கிட்டேன்னு தெரிஞ்சா உன் பிள்ளையை உருட்டிவிட்டுடுவாங்க. அதனால உன்னைக் கண்ட இடத்துல விரட்டுவேன். வாய்க்கு வந்தபடி திட்டுவேன். நீ ஓடிடு. மனசுல வச்சுக்காதே."

"பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியாமப் போயிடுமேக்கா."

"உன் வீட்டுக்காரரைத் தினமும் பக்கத்துத் தோப்புல உட்கார்ந்து பாடச் சொல்லு. அதைக் கேட்டு வளரட்டும். தொண்டை வந்ததும் தன்னால பதில் கொடுக்கும். அப்ப வந்து கூட்டிட்டுப் போ. அதுவரைக்கும் என் பிள்ளைங்களுக்கு ஒரு வாய் ஊட்டினா அதுக்கும் ஒரு வாய்."

சொன்னபடியே அங்காயி வளர்த்தாள். அவளுடைய மகள்களுக்கும் பேத்திகளுக்கும் காதோடு காதாக இதைச் சொல்லிவைத்தாள். பொன்னரும்பும், பாட்டைக் கேட்டுத் திரும்பி வந்த தன் மகளுக்குச் சொன்னாள். கூட்டத்துக்கு மட்டும் இன்றுவரை தெரியாது.

அன்று முதல்தான் குயில் காக்கைக் கூட்டில் முட்டை இடுகிறது, காக்கையும் குயிலைக் கண்டால் ஊர் கூட்டிக்கொண்டு துரத்துகிறது. துரத்துவதோடு சரி, பிடிப்பதில்லை.